மடிப்பு மன்னர் போட்ட கட்டு

காலரில்தான் தொடங்குவார். முதலில் காலரின் உட்பக்கம், அப்புறம் வெளிப்பக்கம், அப்புறம் தோள், கைகள். முதுகைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். இடது கையால் தண்ணீரை உதறித் தெளித்தபடி வலது கையால் இஸ்திரிப் பெட்டியை இழுப்பார். வாய் சட்டையோடு பேசிக்கொண்டிருக்கும். "அடங்கு, அடங்கு. எங்க போயிடப் போற?" என்பது முரண்டு பிடிக்கும் பருத்திக்கு. "நீ நல்ல பிள்ளை" என்பது பாலியெஸ்டருக்கு. பட்டு வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெரிய இடத்துச் சம்பந்திக்கு உபசாரம் செய்வது போலத் தேய்ப்பார்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிப்போன இடம்தான் அவருடைய கடை. வீடு அதே படியில் ஏறினால் மாடியில். ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரில் வரிசையாக ஆணிகள். உள்மூலையில் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். இத்தனை வருடமாகியும் அவருக்கு அது மறந்துபோகும், வாரம் ஒருமுறையாவது இடித்துக்கொள்வார். குடியிருப்பில் யாரோ கேலியாக 'மடிப்பு மன்னர்' என்று பட்டம் வைத்தார்கள். அவர் அதைக் கேலியென்று எடுத்துக்கொள்ளவே இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகை எழுத ஆள் வந்தபோது அதையே எழுதச் சொல்லிவிட்டார்.

சுருக்கத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. செய்தித்தாளின் மடிப்பில் நகத்தை ஓட்டிவிட்டுத்தான் தலைப்பைப் படிப்பார். வங்கி வரிசையில் முன்னால் நின்ற ஒருவரின் சட்டை முதுகை நீவிவிடப் போய், அவர் திரும்பி முறைத்ததும், "நல்ல துணி சார், இப்படிக் கசங்க விடலாமா?" என்று அவருக்கே புத்தி சொல்லிவிட்டு வந்தவர். காலையில் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தால், திரும்பி வருவதற்குள் படுக்கை விரிப்பு இழுத்துச் செருகப்பட்டிருக்கும். "இவர் பக்கத்துல புரண்டு படுக்கவே பயமா இருக்கு" என்று அந்த அம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் சலிப்பு இருக்காது.

அந்த அம்மாள் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தவர். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் விதி. கால் நூற்றாண்டு நின்றே சம்பாதித்தார். நின்ற கால்களில் நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டன. பிறகு ஒருநாள் அலமாரியின் முனை இடித்து, இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக ஒரு சின்னக் காயம். நகத்தளவு காயந்தானே என்று விட்டார்கள். அது ஆறவில்லை. ஆறுவது போல மூடும், பத்து நாள் போக்குக் காட்டும், மறுபடி திறந்துகொள்ளும். வருடங்கள் இப்படியே போயின.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறை என்று ஒன்று உண்டு. அங்கே ஒரு சிஸ்டர். வாரம் இரண்டு முறை அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கழுவி, மருந்துத் துணி வைத்து, விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை இழுபடும் கட்டுத்துணியை இறுக்கமாகச் சுற்றி அனுப்புவார். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற மாட்டேன் என்கிறது, தேங்கித் தேங்கிக் கால் வீங்குகிறது, வீங்கின காலில் புண் ஆறாது, ஆகவே மருந்தைவிடக் கட்டு முக்கியம் என்று அவர் பலமுறை விளக்கியிருக்கிறார். பெரிய டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். புண் எலும்பைத் தொட்டுவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று. மடிப்பு மன்னர் அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னதே இல்லை. யாராவது சொல்ல வந்தாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

மனைவியை ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கூட்டிக்கொண்டு போவது மட்டும்தான் அவர் வேலை. அறைக்குள் போக மாட்டார். முதல் தடவை போனார். கட்டைப் பிரித்ததும் தடாலென்று சாய்ந்தார். மருந்து வண்டியின் விளிம்பில் நெற்றி பட்டு, சிஸ்டர் அந்தக் காலைக் கீழே வைத்துவிட்டு இந்தத் தலைக்குத் தையல் போட ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. மனைவிக்குக் கட்டுப் போடப் போனவர் தலையில் கட்டோடு திரும்பினார் என்று குடியிருப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவருக்கு வராண்டா பெஞ்சுதான். பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் உட்கார்ந்திருப்பார், பாதத்தில் ஆறாத புண்ணோடு, முறை வருவதற்காக. இருவரும் உலக விஷயமெல்லாம் பேசுவார்கள், புண்ணைத் தவிர.

அப்போதுதான் தொற்று வந்தது. ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. கட்டுப் போடும் அறையில் இருந்த நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, அதைக் காய்ச்சல்காரர்களைச் சோதிக்கும் இடமாக்கினார்கள். சிஸ்டரைக் காய்ச்சல் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கமான நாளில் போய் நின்றவர்களிடம், உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் வாருங்கள் என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரடங்கு என்று அறிவித்துவிட்டால் புண் அடங்கிவிடுமா? அது தன் பாட்டுக்கு நீர் கசிந்துகொண்டிருந்தது.

அம்மாளுக்கும் போக விருப்பமில்லை. "கால் புண்ணோட போய் நெஞ்சு வியாதியோட வரணுமா?" என்றார். பழைய கட்டு அப்படியே இருந்தது. சில நாளில் ஈரம் வெளியே தெரிந்தது. பிறகு வாடை. அம்மாள் நாற்காலியைச் சன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார், காற்றுக்காக என்று சொல்லி. இருவருக்கும் எதற்கென்று தெரியும்.

அந்தச் சமயத்தில் சிஸ்டரே போன் செய்தார். காய்ச்சல் வார்டில் கவச உடையைக் கழற்றி மாற்றும் இடைவேளையில், தன்னிடம் வந்துகொண்டிருந்த ஒவ்வொரு காலையும் நினைத்து நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். பெயரெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம், "இடது கணுக்கால் வீடுதானே?" என்றுதான் கேட்டார். கட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றார். ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும், வீடியோவில் நான் சொல்லித் தருகிறேன், யார் போடுவீர்கள் என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் மடிப்பு மன்னர். மனசு சம்மதிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. மனைவி நிமிர்ந்து அவருடைய நெற்றித் தழும்பைப் பார்த்தார்.

முதல் கட்டு எப்படி நடந்தது என்று அந்த அம்மாளைக் கேட்க வேண்டும். தரையில் தலையணை போட்டு உட்கார்ந்தாராம், விழுந்தாலும் தூரம் குறைவு என்பதற்காக. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கையை மட்டும் நீட்டிக் கழுவினாராம். "இன்னும் கொஞ்சம் மேல. அது என் கட்டைவிரல்ங்க, அதுக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் வழி சொல்லச் சொல்ல இவர் தடவித் தடவிப் போனாராம். ஆனால் துணியைச் சுற்ற வந்ததும் கை பழகின கை ஆகிவிட்டது. பாதி மேல் பாதி ஏறி, குதிகாலை மூடி, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு மேலே போனார். போனில் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர், பரவாயில்லையே என்றார். அன்றைக்கு அவர் குடித்த தேநீருக்கு ஒரு தனி மிடுக்கு இருந்தது.

புதுக் கட்டுத்துணி எங்கேயும் கிடைக்காத நேரம். கடைகள் மூடிக் கிடந்தன. இருக்கிற இரண்டு சுருளை மாற்றி மாற்றிச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அவரும் பக்தியோடு அலசினார், கொடியில் போட்டார். காய்ந்து தொங்கிய துணி நெளிநெளியாக, முழுக்கச் சுருக்கமாக இருந்தது.

இங்கேதான் மனிதரைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை. மேல்தளத்து அதிகாரிகள்கூட அரைக்கால் சட்டையோடு வீட்டில் உலாவினார்கள். வாரக்கணக்கில் ஒரு சட்டை கடைக்கு வரவில்லை. பெட்டி ஆறிக் கிடந்தது, கை அரித்துக் கிடந்தது. அந்தக் கைக்கு முன்னால் ஒரு துணி, அதுவும் இவ்வளவு சுருக்கத்தோடு, அதுவும் தன் மனைவியின் காலில் ஏறப் போகிற துணி. காய்ந்த சுருளை எடுத்துக்கொண்டு கீழே கடைக்கு இறங்கினார்.

லேசாகக் கஞ்சி போட்டார். தண்ணீர் தெளித்தார். பெட்டியை நன்றாகச் சூடேற்றி, குறுக்கே ஓடிய அத்தனை நெளிவையும் ஒன்று விடாமல் படிய வைத்தார். "அடங்கு, அடங்கு" என்று சொல்லியும் இருப்பார். ரிப்பன் போலச் சுருட்டி, ஓரம் ஓரத்தோடு ஒட்ட வைத்து மேலே கொண்டுபோனார். மனைவி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடையில வாங்கினப்பகூட இப்படி இல்லைங்க" என்றார். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு அலசலுக்கும் அதற்கப்புறம் ஒரு இஸ்திரி உண்டு.

கட்டு நிற்கவில்லை. காலையில் போட்டால் மதியத்துக்குள் பழைய காலுறை போல நழுவிக் கணுக்காலில் வந்து குவிந்தது. தன் சுற்றில்தான் கோளாறு என்று நினைத்தார். இன்னும் இழுத்துச் சுற்றினார், ஊக்குக் குத்தினார், முடிச்சுப் போட்டார். முடிச்சு காலில் தடம் பதித்ததே தவிரப் பயனில்லை. சாயங்காலத்துக்குள் கால் கனத்து வீங்கும். அவருடைய அளவு எப்போதும் பட்டன் அளவுதான்: சட்டைப் பட்டனாக இருந்த புண் கோட்டுப் பட்டனாயிற்று, பிறகு எந்தப் பட்டனிலும் அடங்காமல் போயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தே அவருக்கு அது தெரிந்தது. சிஸ்டருக்குப் படம் அனுப்பினார்கள். சரியாகத்தானே கட்டுகிறீர்கள், ஏன் இப்படி என்று அவருக்கும் குழப்பம்.

அம்மாளுக்கு வலி அதிகமாகிவிட்டது. ஒருநாள் மதியம், சன்னலைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துட்டா எடுத்துட்டுப் போகட்டும்ங்க. வலியாவது நிக்கும்" என்றார். அவர் கீழே இறங்கிக் கடைக்குப் போனார். பெட்டியைச் செருகி, போட்டிருந்த சட்டையைக் கழற்றி, ஏற்கெனவே தேய்த்த அந்தச் சட்டையையே மறுபடி தேய்த்துக்கொண்டு நின்றார். அழுதார் என்பதை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். அதில் அவருக்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் வீடியோவில் சிஸ்டர் வந்தார். மூக்கிலும் கன்னத்திலும் கண்ணாடிக் கவசம் அழுத்திய தடம் ஆழமாகத் தெரிந்தது. புண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது. இப்படியே போனால் எலும்பு வரைக்கும் போய்விடும் அண்ணா, இப்போது படுக்கையும் இல்லை, ஆபரேஷன் அறையும் இல்லை என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கட்டுகிற துணியைக் காட்டுங்கள் என்றார். அவர் மாற்றுச் சுருளை எடுத்துவந்து கேமரா முன்னால், பரிசு வாங்கினவர் கோப்பையைக் காட்டுவது போலக் காட்டினார். இழுங்கள் என்றார் சிஸ்டர். இழுத்தார். அது வரவில்லை. அட்டைப் பட்டை போல நின்றது.

"இத என்ன பண்ணீங்க அண்ணா?"

"அயர்ன் பண்ணேன் சிஸ்டர். ஒரு சுருக்கம் பார்க்க முடியாது."

சிஸ்டர் அசையாமல் பார்த்தார். படம் உறைந்துவிட்டதோ என்று அவர் போனைத் தட்டினார்.

"அண்ணா" என்றார் சிஸ்டர் மெதுவாக. "அந்தச் சுருக்கம்தான் மருந்தே."

சுருக்கம் இருந்தால்தான் துணி இழுபடும், இழுபட்டுத் திரும்பினால்தான் காலை அமுக்கும், அமுக்கினால்தான் வீக்கம் வடியும், சூட்டில் அதன் உயிர் போய்விட்டது என்று விளக்கினார். திட்டவில்லை. தேய்க்கக் கூடாது என்று தானும் சொல்லியிருக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, ஆனால் கட்டுத்துணியை யார் அண்ணா அயர்ன் பண்ணுவார்கள் என்றும் கேட்டார். உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் செய்வார், அந்த ஆளைப் பார்த்துத்தான் அந்த அம்மாளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன் அணைந்தது. அவர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் பெருமைப்பட்ட ஒரே வித்தை, அதைக் கொண்டே மனைவியின் காலைக் கெடுத்துவிட்டோம் என்பது அவர் நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் முனகுகிறார் என்று பதறி நிமிர்ந்தார். அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"சுருக்கத்தக் கண்டா விட மாட்டீங்களே. நல்லவேளை, என் மூஞ்சிய விட்டு வச்சீங்க."

பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அவருக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது, இரண்டையும் ஒரே துண்டால் துடைத்துக்கொண்டார். இந்தக் காலைப் போக விடப் போவதில்லை என்று அவர் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான்.

சிஸ்டர் எங்கெங்கோ கேட்டு இரண்டு புதுச் சுருள் தேடிப் பிடித்து வைத்தார். ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு வாசலுக்கு வரச் சொன்னார். வண்டிகள் ஓடாத தெருவில் இவர் நடந்தே போனார். நடுவில் ஒரு மேஜை போட்டு, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. குரல்தான் ஆளைக் காட்டியது. சிஸ்டரின் உடை முழுக்கக் கசங்கிக் கிடந்தது. இவர் கை ஒருமுறை துடித்தது, அடக்கிக்கொண்டார்.

சிஸ்டர் ஒரு சுருளைப் பிரித்துத் தன் முன்கையிலேயே சுற்றிக் காட்டினார். முழுதாக இழுக்கக் கூடாது, பாதி இழுக்க வேண்டும். விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. விரல் நிறம் மாறினாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"வராண்டால உங்க பக்கத்துல உட்காருவாரே, கண்டக்டர். இங்க இடமில்லாம வேற ஆஸ்பத்திரில அவருக்குக் கால எடுத்துட்டாங்க அண்ணா. வீட்ல கட்டுப் போட ஆளில்ல. நான் போன் பண்ணினப்ப லேட் ஆயிடுச்சு."

இவர் மேஜையில் இருந்த இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டார்.

"நீங்க பார்க்காம கழுவுறீங்க. எனக்குத் தெரியும், வீடியோல தெரியுது. பார்த்துக் கழுவணும். நான் அங்க வர முடியாது. எனக்கு இப்ப உங்க கண்ணுதான்."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் கையைக் கழுவினார். துணி விஷயத்தில் அவருக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. அந்த இழுப்பை விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டது, போதும். ஆனாலும் முதலில் மேஜைக்காலில் சுற்றிப் பார்த்தார், பிறகு தன் காலிலேயே சுற்றிக்கொண்டு ஒரு நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கினார். சாயங்காலம் அவிழ்த்தபோதுதான், இந்த இறுக்கத்தையும் அரிப்பையும் மனைவி எத்தனை வருடமாகச் சத்தமில்லாமல் சுமந்திருக்கிறார் என்று தெரிந்தது. அன்றிலிருந்து கட்டு உறுத்துகிறதா என்று கேட்காமல் அவர் கையை எடுப்பதில்லை.

மறுநாள் காலையில் தரையில் தலையணை போட்டு உட்கார்ந்தார். காலை மடியில் வைத்துக்கொண்டார். பழைய கட்டைப் பிரித்து, ஒட்டியிருந்த துணியை உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்து எடுத்தார். எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நடுவில் மஞ்சளாக வழவழப்பு. சுற்றிலும் சிவப்பு. ஓரத்துத் தோல், அதிக நேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி போல வெளுத்திருந்தது. காது அடைத்தது, உதடு உலர்ந்தது. மனைவி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார், விழுந்தால் தாங்கிக்கொள்ள. அவர் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. "அடங்கு" என்றார், புண்ணைப் பார்த்தா தன்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. பிறகு கழுவினார். அன்றைக்குக் கட்டு இரவு வரை கீழே இறங்கவில்லை.

அதற்கப்புறம் மனிதருக்குப் பிடிபட்டுவிட்டது. துணியில் கறை எது, சாயம் எது என்று பிரித்துப் பார்த்த கண், நல்ல சிவப்பையும் கெட்ட சிவப்பையும் பிரிக்கக் கற்றுக்கொண்டது. சந்தேகம் வந்தால் தானாக முடிவு செய்ய மாட்டார். படம் எடுத்து சிஸ்டருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை குட்டி போட்ட பூனையாக நடப்பார். ஒருநாள் ஓரத்திலிருந்து மெல்லியதாக, வெங்காயத்தோல் போலப் புதுத் தோல் உள்நோக்கி நகர்ந்திருப்பதைப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் கண்ணாடி பிடித்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருப்பார், ஊரடங்கு தடுத்துவிட்டது.

அலசின கட்டுத்துணி இப்போது கொடியில் தொங்குவதில்லை. நிழலில், துண்டின் மேல், படுக்கை வசமாகக் காய்கிறது. அத்தனை சுருக்கத்தோடும் காய்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "கை எங்க போகுது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "எங்கயும் போகல தாயே" என்பார்.

சிஸ்டர் இவருடைய போன் எண்ணை இன்னும் சில வீடுகளுக்குக் கொடுத்தார். மகனோ மருமகளோ கணவனோ, திடீரென்று ஒரு காலை மடியில் வாங்கிக்கொண்டு திகைத்து நின்றவர்கள். யார் கூப்பிட்டாலும் அவருடைய முதல் வாக்கியம் ஒன்றுதான்: "முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அயர்ன் மட்டும் பண்ணிடாதீங்க." கேட்பவர்கள் குழம்புவார்கள், அதை யார் செய்யப் போகிறார்கள் என்று. "பண்ணவன் பேசுறேன்" என்பார். அந்தத் தவறைச் சொல்லும்போது அவர் குரலில் கூச்சம் இருக்காது. அப்புறம் மருந்து என்ன என்று கேட்டால் மட்டும், அது சிஸ்டரைக் கேளுங்கள், எனக்குத் துணிதான் தெரியும் என்று எல்லையைப் போட்டுவிடுவார்.

ஒருவழியாகக் கட்டுப் போடும் அறையை மறுபடி திறந்தார்கள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வராண்டா பெஞ்சில் ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவே இடம் விட்டுக் கோடு போட்டிருந்தது. கண்டக்டர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மடிப்பு மன்னர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வலி எப்படியிருக்கிறது என்று கேட்டார். கண்டக்டர் சொன்னார். நிறைய நேரம் சொன்னார். வழக்கமாக வரும் இன்னும் சிலர் அன்றைக்கு வரவில்லை. ஏனென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

முறை வந்ததும் மனைவியோடு அவரும் எழுந்து உள்ளே போனார். சிஸ்டர் புருவத்தை உயர்த்தி, மருந்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார், முன்ஜாக்கிரதையாக. பிறகு அந்தக் காலைத் தன் மடியில் வாங்கிக் கட்டைப் பிரித்தார். பாதி பிரித்தவர் நிறுத்தி, சுற்றுக்கு அடியில் ஒரு விரலை நுழைத்து இறுக்கம் பார்த்தார். முழுக்கப் பிரித்து, காலைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வீக்கம் வடிந்து எலும்பின் வடிவம் தெரிந்தது. புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக மூடிய தோல், நடுவில் காலர் பட்டன் அளவுக்கு ஒரு ஈரம் மட்டும் பாக்கி.

சிஸ்டர் கையுறைக் கையால் அந்தப் புதுத் தோலின் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தடவினார். காய்ச்சல் வார்டில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து வந்தவர் அவர். கண் நிறைந்துவிட்டது.

"என் கால்கள்ல பாதிக்கு மேல போயிடுச்சு அண்ணா" என்றார். "இது நின்னுடுச்சு."

மடிப்பு மன்னருக்குப் பெருமையில் மார்பு விம்மியது. அதை மறைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. நேராக நின்றார், அவ்வளவுதான்.

சிஸ்டர் கழுவி, சின்னதாக மருந்துத் துணி வைத்தார். புதுச் சுருள் ஒன்றைப் பிரித்து, முதல் சுற்றுக்காகப் பாதத்தின் அடியில் கையைக் கொண்டுபோனார். அம்மாள் அந்த மடியிலிருந்து காலை மெதுவாக எடுத்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைக் கணவரின் பக்கம் தள்ளினார். அவர் உட்கார்ந்ததும், காலைத் தூக்கி அவருடைய மடியில் வைத்தார்.